இளையவர் முதலில்

அந்த நாடகத்தில் அவளுக்கு ஒரே ஒரு சொல்தான். "குற்றவாளி."

மேடையில் ராணுவ நீதிமன்றம். நீள மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். நடுவில் தலைவர், அது பல் டாக்டர். அவருக்கு வலப்பக்கம் போட்டோ ஸ்டுடியோக்காரர். இடப்பக்க நாற்காலி அவளுக்கு. மூவரில் பதவியில் சின்னவள். வாதம் முடிந்ததும் தலைவர் முதலில் அவள் பக்கம் திரும்பி, "உங்கள் முடிவு?" என்று கேட்பார். அவள் எழுந்து அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு உட்கார வேண்டும்.

அது அவளுக்கு வரவில்லை.

"சொல்லிட்டு மன்னிப்பு கேக்குற மாதிரி இருக்கும்மா," என்றாள் டீச்சர். பள்ளியில் வேதியியல், இங்கே இயக்கம். "பாதியில குரல் கீழ விழுது. அவன சிறைக்கு அனுப்புற. பஸ்ல கால மிதிச்சிட்ட மாதிரி சொன்னா எப்படி?"

அவள் வேலை கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. "இன்னும் உங்களுக்குக் கை வரல, அடுத்த மாசம் டெஸ்டுக்குப் போலாம்" என்று பெரிய பெரிய ஆட்களிடம் முகத்துக்கு நேராகச் சொல்கிறவள். அப்போதெல்லாம் குரல் விழுவதில்லை. இங்கே விழுந்தது. அவளுக்கு நடிப்பில் ஆசையும் கிடையாது. கணவன் அந்தக் குழுவுக்கு விளக்கு போடுகிறவன். மாமனார் அதன் தூண். ஒரு நடிகை ஊர் மாறிப் போனதால் நாற்காலி காலியாக, "வீட்டுல ஒரு ஆள் சும்மாத்தானே இருக்கா" என்று பேச்சு வந்து, இழுத்து உட்கார வைத்துவிட்டார்கள்.

மாமனாருக்கு ஊரில் மருந்துக்கடை. குழுவில் பெயர் டேப். அந்தக் காலத்து டேப் ரிக்கார்டர் மாதிரி, நடித்த நாடகம் எதுவானாலும், யாருடைய வசனமானாலும், தட்டிவிட்டால் அப்படியே ஓடும். இந்த நாடகத்தில் அவர் குற்றம் சாட்டப்பட்டவனுக்காக வாதாடும் அதிகாரி. நாடகத்தின் பாதி அவர் வாயில்தான்.

கதை சிக்கலானதில்லை. ஒரு ராணுவ லாரி டிரைவர், குண்டுகள் ஏற்றிய வண்டியைப் பழைய பாலத்துக்கு முன்னால் நிறுத்திவிடுகிறான். பாலம் தாங்காது என்று அவனுக்குப் பட்டது. போ என்றது உத்தரவு. அவன் போகவில்லை. பாலம் கடைசிவரை விழவும் இல்லை. அந்தப் பக்கம் குண்டுகளுக்காகக் காத்திருந்த படையினர் செத்துப் போனார்கள். எதிரே வாதாடும் அரசுத் தரப்பு அதிகாரி வீட்டு புரோக்கர். டிரைவராக வருவது பேக்கரிக்காரர். விடிவதற்கு முன் அடுப்பு மூட்டுகிறவர், சாயங்காலம் ஒத்திகையில் நின்றபடியே தூங்குவார்.

இளையவர் முதலில் முடிவு சொல்ல வேண்டும் என்ற முறையைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தது டேப்தான். நூலகத்தில் ஏதோ ராணுவச் சட்டப் புத்தகத்தைப் புரட்டியபோது கண்ணில் பட்டதாம். பெரியவர் வாயைத் திறந்துவிட்டால் சின்னவர் அதையே திருப்பிச் சொல்வார். அதனால் சின்னவரிடமே தொடங்க வேண்டும். அது அவருக்கு அடக்க முடியாத அளவுக்குப் பிடித்துப் போனது. நாடகத்தில் மட்டும் போதாது, குழுவின் கூட்டங்களிலும் இனி அப்படித்தான் என்று சொல்லிவிட்டார்.

"இத்தன வருஷமா என் புருவத்தப் பாத்துத்தான் எல்லாரும் ஓட்டு போடுறீங்க," என்றார். "ஏறினா சரி, இறங்கினா வேண்டாம். எனக்கே போரடிக்குது."

"புருவத்த மழிச்சிடுங்க, வேல முடிஞ்சுது," என்றார் புரோக்கர்.

கூடவே இன்னொரு முறையும் வந்தது. யாரைப் பற்றிப் பேச்சோ அவர் வெளியே போய் நிற்க வேண்டும். நீதிமன்றம் கலந்து பேசும்போது குற்றம் சாட்டப்பட்டவனை வெளியே கொண்டுபோவது போல. முதலில் போனது பேக்கரிக்காரர். அவர் தூக்கத்தைப் பற்றிப் பேசினார்கள். திரும்பக் கூப்பிடப் போனால் தாழ்வாரத்தில் சுவரில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மேலே பேசாமல் விட்டுவிட்டார்கள்.

ஒத்திகை நூலகத்துக்கு மேலே இருந்த அறையில். உடைந்த நாற்காலிகள் ஒரு மூலையில், பழைய செய்தித்தாள் கட்டுகள் இன்னொரு மூலையில். ஜன்னலுக்கு வெளியே பஸ் நிறுத்தம். பஸ் நிற்கும்போதெல்லாம் வசனம் ஒரு மூச்சு காத்திருக்கும்.

அங்கேதான் முதல் தடவை நடந்தது. டேப் வாதத்தை நன்றாகத்தான் தொடங்கினார்.

"அவன் பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தினான். நிறுத்துவதும் ஓட்டுவதில் சேர்த்திதான், கனம் தலைவர் அவர்களே. பாலம் விழாது என்பது இன்று நமக்குத் தெரியும். அன்று அவனுக்கு—"

ஒரு பஸ் வந்து நின்றது. போனது.

"—அன்று அந்த வீட்டில் ஒரே ஒரு விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது."

அவள் கையில் இருந்த பிரதியைப் புரட்டினாள். வீடு எங்கே வந்தது என்று தெரியவில்லை. அதற்குள் புரோக்கர் எழுந்து, "விளக்கை ஏற்றியது யார்?" என்று கேட்டார். டேப் பதில் சொன்னார். டாக்டர் மேசையைத் தட்டி, "சாட்சி பேசும்போது குறுக்கிட வேண்டாம்" என்றார். அறையின் வெளிச்சம் மெல்ல மஞ்சளாக இறங்கியது. எல்லாமே நயமாக, தடங்கலில்லாமல் ஓடியது. தப்பான பக்கத்தை வைத்திருக்கிறோமோ என்று அவள் மறுபடி முதலிலிருந்து தேடினாள்.

முதலில் சிரித்தது டீச்சர். பிறகு ஒவ்வொருவராக. அது அவர்கள் எப்போதோ போட்ட கொலை வழக்கு நாடகம். டேப் அதற்குள் வழுக்கிப் போக, மற்றவர்களும் அவர் பின்னாலேயே போய்விட்டார்கள். அவரவர் பழைய வேஷம் அவரவர் நாக்கில் தயாராக இருந்தது. அந்த நாடகத்தைத் தெரியாதவள் அறையில் அவள் ஒருத்திதான்.

"டேப் மாறிப் போச்சு," என்றார் போட்டோக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"மாத்திப் போட்டது நான். கூட ஆடினது நீங்க," என்றார் டேப். அவரும் சிரித்தார். சிரிப்பதற்கு முன் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். எங்கே இருக்கிறோம் என்று பார்ப்பது போல. அதை அவள் கவனித்தாள்.

அடுத்தது கடையில்.

அவரை ஒத்திகைக்கு அழைத்துப் போக வந்து, கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஒரு இளைஞன் டாக்டர் சீட்டை நீட்டினான். அவர் அவன் முகத்தைப் பார்த்தார், சீட்டைப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி அலமாரியிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். "காலைல ஒண்ணு. சாப்பிட்டப்புறம். தல சுத்தினா பாதியா குறைச்சிக்கணும். உப்பு ஆகாது." அவன் தலையாட்டி வாங்கிக்கொண்டு இறங்கினான். சீட்டு கண்ணாடிமேல் கிடந்தது. வயிற்று எரிச்சலுக்கான மாத்திரை அதில் எழுதியிருந்தது.

அவள் ஓடினாள். பெட்ரோல் பங்க் தாண்டித்தான் அவனைப் பிடிக்க முடிந்தது.

"எங்கப்பா சாப்பிட்ட மாத்திர மாதிரியே இருக்கேன்னு நெனச்சேன்," என்றான் அவன். "ஆனா அவரே எடுத்துக் குடுத்தா சரியாத்தானே இருக்கும்."

அவன் அப்பா போன வருஷம் இதயம் நின்று செத்துப் போனவர். துக்கத்துக்கு டேப் போய் வந்திருந்தார்.

சரியான மாத்திரையைக் கொடுத்து அனுப்பிய பிறகு, அவர் திரும்பி வந்த அட்டையை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "மூக்கப் பாத்தியா? அப்படியே அவங்கப்பன் மூக்கு," என்றார். பிறகு கடையைப் பூட்டினார். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் கணவனிடம் சொன்னாள். அவன் ஏசி மெக்கானிக். சமையலறைத் தொட்டியில் யாருடைய வீட்டு ஃபில்டரையோ கழுவிக்கொண்டிருந்தான்.

"வெயில்ல மண்ட காஞ்சிருக்கும்."

"கடையில ஏசி மாட்டினதே நீதான்."

அவன் குழாயை மூடவில்லை. "எல்லாரும்தான் மறக்குறாங்க."

"அவரு மறக்கலையே. ஒரு எழுத்து பிசகாம சொன்னாரு. ஆளுதான் தப்பு. அந்த ஆளும் செத்துட்டாரு."

"நாடகம் முடியட்டும். பேசலாம்."

"நடுவுல யாராவது போய்ச் சேர்ந்துட்டா?"

"என்ன பேச்சு பேசுற," என்றான். ஃபில்டரை உதறினான். தண்ணீர் அவள்மேல் தெறித்தது. "எங்கப்பா கிட்ட நான் போய் உங்களுக்கு மூளை மங்குதுன்னு சொல்லணுமா? நீ சொல்வியா?"

கற்றுக்கொடுக்கும் காரில் அவள் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. பக்கத்தில் இருப்பவர் தப்பு செய்தால் அவள் வலது கால் தானாக அழுந்தும். சமையலறைத் தரையில் அது அழுந்தியிருந்தது. அங்கே பிரேக் இல்லை.

மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் நேரே மருந்துக்கடைக்கு வந்து உட்கார்ந்தாள். சீட்டுகளை வாங்கி, படித்து, அவரிடம் கொடுத்தாள். சாயங்காலத்தைக் காப்பாற்ற முடிந்தது. பகல் முழுக்க வகுப்பு. அப்போது கடை எப்படிப் போகிறது என்று அவளுக்குத் தெரியாது.

உடையோடு நடந்த ஒத்திகையில் டேப் மறுபடி வழுக்கினார். இந்தத் தடவை போன இடம் இன்னும் பழையது. அவரும் புரோக்கரும் மட்டும் நடித்த ஏதோ ஒன்று. புரோக்கர் வாயைத் திறந்து, டீச்சரைப் பார்த்து, மூடிக்கொண்டார். டேப் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். யாரோ ஒரு தம்பியிடம் வீட்டுக்குத் திரும்பி வரச் சொல்லிக் கெஞ்சினார். குரல் தழுதழுத்தது, நன்றாகவும் இருந்தது. முடித்துவிட்டு உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்தார். பிறகுதான் முகங்களைப் பார்த்தார்.

"எது?" என்று கேட்டார்.

புரோக்கர் நாடகத்தின் பெயரைச் சொன்னார்.

"அது நல்ல நாடகம்," என்றார் டேப். தம்ளரைக் கீழே வைத்தார். ராணுவச் சட்டையின் முனையை இழுத்துவிட்டுக்கொண்டார். "நான் வெளிய நிக்கிறேன். நீங்க பேசுங்க." போகும்போது கதவைத் தானே சாத்தினார்.

டீச்சர் மேசை ஓரத்தில் உட்கார்ந்தாள். "பேசுறதுக்கு நீளமா ஒண்ணும் இல்ல. அவர் வேஷத்த மாத்தணுமா, அப்படியே இருக்கட்டுமா. மாத்தினா போட்டோக்காரர் எடுத்துக்கலாம், அவருக்கு வசனம் பாதி வரும். முறைப்படி..." என்று நிறுத்தினாள்.

முறைப்படி குழுவில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில். எல்லோரும் அவளைப் பார்க்காமல் இருந்தார்கள்.

"மருமக கிட்டயிருந்து ஆரம்பிக்கிறது நல்லா இல்ல," என்றார் டாக்டர். "இவங்கள விட்டுடலாமே."

"முறைய வச்சது அவர்தான்," என்றாள் டீச்சர்.

விளக்குப் பலகைக்குப் பக்கத்தில் நின்ற கணவன், உதட்டை மட்டும் அசைத்து, இருக்கட்டும்னு சொல்லு, என்றான். அவள் அதைப் படித்தாள். கதவைப் பார்த்தாள். அடியில் இருந்த இடைவெளியில் இரண்டு பூட்ஸ் முனைகள் தெரிந்தன.

"மாத்தணும்," என்றாள்.

பஸ் எதுவும் வரவில்லை. அறை அப்படியே இருந்தது.

"வேஷம் மட்டும் இல்ல," என்றாள். கடையில் நடந்ததைச் சொன்னாள். மூக்கு வரை சொன்னாள்.

அடுத்தவர் பேக்கரிக்காரர். அன்றைக்கு அவர் முழித்திருந்தார். "போன தடவ நானும் சிரிச்சேன்," என்றார். "மாத்தணும்."

"இருக்கட்டும்," என்றார் போட்டோக்காரர். "அவர் எங்க போனாலும் நாமளும் போய்க் கூட்டிட்டு வந்துடலாம். எப்பவும் சமாளிச்சோம்தானே."

"மேடையில சமாளிச்சிடுவீங்க அண்ணே," என்றாள் அவள். "அந்தப் பையனுக்குக் கொலை வழக்கு நாடகம் தெரியாது."

போட்டோக்காரர் தன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கணவனின் முறை. அவன் ஒரு ஸ்குரூ டிரைவரை வைத்துக்கொண்டு பலகையில் இல்லாத திருகாணியைத் தேடினான். "அன்னைக்கு நான் மஞ்ச விளக்கு போட்டேன்," என்றான். "அந்தப் பழைய நாடகத்துக்கு அப்படித்தான் போடுவேன். யாரும் போடச் சொல்லல. போட்டது தெரிஞ்சதே வீட்டுக்குப் போனப்புறம்தான்." ஸ்குரூ டிரைவரைப் பைக்குள் வைத்தான். "மாத்தணும்."

அதற்குப் பிறகு டாக்டரும் புரோக்கரும் அதையே சொன்னார்கள். சீக்கிரம் சொன்னார்கள்.

வெளியே நிற்பவரைத் திரும்ப அழைப்பதும் இளையவர் வேலை. அவள் கதவைத் திறந்தாள். டேப் தாழ்வாரத்து அறிவிப்புப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு காகிதமும் இல்லை.

"மாத்தியாச்சா?"

"ஆமா மாமா."

"முதல்ல நீதானே?"

"ஆமா."

"குரல் கீழ விழுந்துதா?"

"இல்ல."

"அப்ப டீச்சருக்கு ஒரு கவல விட்டுது," என்றார். உள்ளே வந்தார். யாரும் எழுந்து அருகே வருவதற்கு முன்னால், "நிக்கிற வேஷம் ஏதாவது இருந்தா குடுங்க," என்றார். "வசனம் வேண்டாம்."

டிரைவர் வேஷம் இருந்தது. நாடகம் முழுக்க நிற்க வேண்டும். கடைசியில் ஒரே வரி: "சொல்வதற்கு ஒன்றும் இல்லை." பேக்கரிக்காரர் போட்டோக்காரரின் நாற்காலிக்கு மாறினார். "உக்காரக் குடுத்தா எந்தப் படையிலயும் சேருவேன்," என்றார். டேப்தான் முதலில் சிரித்தார்.

திரும்பும்போது கார் அவள் ஓட்டினாள். கணவன் விளக்குகளை அடுக்கிவிட்டுப் பின்னால் வருவதாகச் சொல்லிவிட்டான். அடுக்குவதற்கு அவ்வளவு நேரம் ஆகாது என்று இருவருக்கும் தெரியும்.

"கடைக்கும் ஓட்டு உண்டா?" என்றார்.

"அதுக்கு ஓட்டு வேண்டாம் மாமா."

"நாடகம் முடியட்டும்."

"நாளைக்கே."

சிக்னலில் சிவப்பு விழுந்தது. அவர் வலது கால் முன்னால் அழுந்தியதைப் பார்த்தாள். அது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவளுக்கு வந்த பழக்கம். அவருக்கும் வந்திருந்தது.

"சீட்டப் படிச்சு எடுத்துக் குடுக்க படிச்ச ஆள் யாரையாவது போடு," என்றார். "நான் ஸ்டூல்ல உக்காந்துக்கிறேன். வர்றவங்க கிட்ட பேச ஒருத்தர் வேணுமே."

"வேணும்."

"டாக்டர் கிட்ட நான் போகமாட்டேன்."

"அதப் பத்தி நாளன்னைக்குப் பேசலாம்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கியரை மாற்றினாள்.

நாடகத்தன்று அரங்கு பாதிக்கு மேல் நிறைந்தது. மருந்துக்கடை வாடிக்கையாளர்களே கணிசம். குற்றம் சாட்டப்பட்டவன் தொப்பியும் பெல்ட்டும் இல்லாமல்தான் நிற்க வேண்டும் என்பது முறை. டேப் பக்கத் திரைக்குப் பின்னால் தன் பெல்ட்டைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். அவள் அதைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். வெறுந்தலையோடு, வலக்கையால் கால்சட்டையைப் பிடித்தபடி, அவர் போய் நின்றார். அந்தக் கையை வைத்திருந்த விதம் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

போட்டோக்காரர் வாதாடினார். மோசமில்லை. பாலத்துக்கு முன்னால் வந்தார், வண்டியை நிறுத்தினார், பிறகு அங்கேயே நின்றுவிட்டார். அடுத்த வரி வரவில்லை. அரங்கு முதலில் அதை நடிப்பு என்று நினைத்தது. பிறகு இருமல்கள் தொடங்கின.

டேப் அசையவில்லை. நேரே பார்த்தபடி, உதடு திறந்தும் திறக்காமலும், "நிறுத்துவதும் ஓட்டுவதில் சேர்த்திதான்," என்றார். மேசைவரை கேட்டது. போட்டோக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனார். பின்னாலேயே டேப்பின் உதடுகளும் போயின. ஒவ்வொரு வரியாக. அவள் கூடவே கேட்டாள். இப்போது வீட்டுக்குள் போவார், இப்போது தம்பியைக் கூப்பிடுவார் என்று மேசைக்கு அடியில் அவள் கால் அழுந்திக் காத்திருந்தது. அவர் எங்கும் போகவில்லை. முழு வாதமும், கடைசிச் சொல்வரை, எழுதியது எழுதியபடி வந்தது.

தலைவர் குற்றம் சாட்டப்பட்டவனிடம், ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்.

"சொல்வதற்கு ஒன்றும் இல்லை."

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "உங்கள் முடிவு?"

அவள் எழுந்தாள். எதிரே அவர். கணவன் போட்ட வெள்ளை விளக்கில் அவர் முகத்தில் எல்லாக் கோடுகளும் தெரிந்தன. பிரதிப்படி அவர் அவளைப் பார்க்கக் கூடாது. பார்த்தார். புருவம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"குற்றவாளி," என்றாள்.

சொல் முழுதாகப் போய்ப் பின் சுவரைத் தொட்டது. உட்கார்ந்தாள். அடுத்து பேக்கரிக்காரர், பிறகு டாக்டர். விளக்கு அணைந்தது. கைதட்டல் கேட்டது.

மேடைக்குப் பின்னால் இருந்த ஒடுக்கமான வழியில் அவர் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். மற்றவர்கள் போட்டோக்காரரைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள்.

"ரெண்டாவது பத்தியில ஒரு வரிய விட்டுட்டான்."

"கவனிச்சேன் மாமா."

"நான் விடல."

"தெரியும். கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

கால்சட்டையைப் பிடித்திருந்த அவர் கை பிடியை மாற்றிக்கொண்டது.

"இருந்தாலும்?" என்றார்.

"இருந்தாலும்தான் மாமா."

அவர் தலையை ஆட்டினார். பிறகு தரையைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பார்த்தார், திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார்.

"என் பெல்ட்ட எங்க வச்சேன்?"

"என்கிட்ட குடுத்தீங்க," என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.